பொன்மானும் மூர்க்கனும்

1

விஷுப் பறவை இந்த வருஷமும் வந்துவிட்டது. பங்குனி பாதி கடந்ததும், எங்கள் கொச்சங்காடி வீட்டுக்குப் பின்னால் இருக்கும் பலா மரத்தில் எங்கேயோ உட்கார்ந்துகொண்டு கூப்பிடுகிறது. ஆளைப் பார்க்க முடியாது, குரல் மட்டும்தான். மலையாளிகள் அந்தக் குரலுக்கு ‘சக்கைக்குப்புண்டோ’ என்று வார்த்தை போட்டிருக்கிறார்கள். பலாக்காய்க்கு உப்பு இருக்கிறதா என்று அது கேட்கிறதாம். போன வருஷம் வரை அதைக் கேட்டதும் என் மனைவி சாந்தி, “இருக்கு, இருக்கு, நேத்துதான் ஒரு பாக்கெட் வாங்குனேன்” என்று அடுப்படியிலிருந்து பதில் சொல்வாள். இந்த வருஷம் அந்தக் குரல் கேட்டதும் அவள் எழுந்து போய்ப் பின்கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்தாள். நானும் அதைப் பார்க்கத்தான் எழுந்திருந்தேன். கதவருகே இரண்டு பேரும் முட்டிக்கொண்டோம்.

கேரளாவில் இருந்துகொண்டு வெளிநாட்டில் இருப்பவன் மாதிரி எழுதுகிறானே என்று ஊரில் நீங்கள் சிரிப்பீர்கள். பாஸ்போர்ட் வேண்டாம், விசா வேண்டாம், தென்காசியில் ரயில் ஏறினால் போதும். எல்லாம் சரிதான். மட்டாஞ்சேரி மிளகுக் கிடங்கில் ஈரப்பதம் பார்க்கும் வேலைக்கு வந்த முதல் வருஷம் நானும் அப்படித்தான் நினைத்தேன். பக்கத்து வீட்டு மொழி, கொஞ்சம் மூக்கால் பேசினால் வந்துவிடும் என்று. இப்போது சொல்கிறேன், பக்கத்து வீட்டு மொழிதான் ஆபத்து. ஒன்றுமே புரியாத தேசத்தில் ஒரு சொல் காதில் விழுந்தால், “என்ன சொன்னீங்க?” என்று திருப்பிக் கேட்போம். இங்கே எல்லாம் புரிவது போலவே இருக்கும். அதனால் கேட்க மாட்டோம்.

2

எங்கள் வாடகை வீடு ஒரு பழைய கிடங்கை ஒட்டியது. ஓட்டு வீடு. பின்னால் ஒரு துண்டு நிலம், மதில் வரைக்கும் புதர். பலா, மா, ஒரு கொன்றை. கிடங்கு மூடிக் கிடப்பதால் அந்தப் பக்கம் ஆள் நடமாட்டம் கிடையாது. அதனாலேயே மற்ற எல்லாம் வரும். மாசி கடைசியில் மாம்பூவுக்குத் தேன்சிட்டு வரும். பிறகு மாங்குயில். கொன்றை பூக்கும்போது குக்குறுவான் நாள் முழுக்க ஒரே தட்டில் கொட்டு அடிக்கும். கீரி ஒன்று தன் குட்டிகளை வால் பிடிக்க வைத்து ரயில் மாதிரி கூட்டிப் போகும்.

என் மகள் மலர் இங்கேயே பிறந்தவள். ஏழாவது படிக்கிறாள். தமிழ் பேசுவாள், எழுத்துக் கூட்டிப் படிப்பாள், எழுத வராது. மலையாளத்தில் கட்டுரைப் போட்டியில் பரிசு வாங்குவாள். அவளைத் தமிழுக்குள் பிடித்து வைக்க நான் கண்டுபிடித்த வழி இந்தப் பின்பக்கம்தான். பள்ளி விட்டு வந்ததும் இரண்டு பேரும் பின்வாசல் படியில் உட்காருவோம். வருகிற ஒவ்வொன்றுக்கும் நான் தமிழ்ப் பெயர் சொல்ல வேண்டும், அவள் மலையாளப் பெயர் சொல்ல வேண்டும். நான் செம்போத்து என்றால் அவள் உப்பன் என்பாள். சாரை என்றால் சேர என்பாள். மாங்குயில் அவளுக்கு மஞ்ஞக்கிளி.

இந்த விளையாட்டு தொடங்கியதே ஒரு தவறில்தான். அவளுக்கு நான்கு வயது இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை செல்லானம் பக்கம் பொக்காளி வயலுக்குக் கூட்டிப் போயிருந்தேன். கடல் உப்பு ஏறும் வயல்கள் அவை. மழைக்காலத்தில் நெல், மற்ற நாளில் இறால். தண்ணீர் வடியும் பங்குனி, சித்திரையில் கொக்கும் நாரையும் வந்து குவியும். வரப்பில் நடக்கும்போது மலர் என் கையை இழுத்து, “அப்பா, பொன்மான்! பொன்மான்!” என்று கத்தினாள். நான் கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு வயல் முழுக்க மானைத் தேடினேன். அவள் காட்டிய இடத்தில் ஒரு குச்சி, குச்சியில் ஒரு மீன்கொத்தி. மலையாளத்தில் மீன்கொத்திக்குப் பெயர் பொன்மான்.

வீட்டுக்கு வந்து சாந்தியிடம் சொன்னபோது அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். “மானைத் தேடிப் போனவரு கதையெல்லாம் நல்லா முடிஞ்சதில்லீங்க” என்றாள். அன்றைக்கு நானும் சிரித்தேன்.

3

பக்கத்து வீட்டில் பாபு என்று ஒருவர். மினி லாரி ஓட்டுகிறார். ஆள் உயரம், குரல் அதைவிட உயரம். விடியும் முன்பே வண்டியை உறும விடுவார். சனிக்கிழமை மாலை குடித்துவிட்டு வந்து தன் வீட்டுக் கேட்டைத் தானே உதைப்பார். போன வருஷம் மாசியில் மதிலோரம் சருகைக் கூட்டித் தீ வைத்தார். புகை முழுக்க எங்கள் புதருக்குள் வந்தது. அங்கே செம்போத்து கூடு கட்டிக்கொண்டிருந்ததை மலர் பைனாகுலரில் பார்த்து வைத்திருந்தாள். நான் மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்து, தீயை அணையுங்கள் என்றேன்.

“அண்ணாச்சி, இது என்டெ பறம்பு. நிங்ஙள்டெ காடு நிங்ஙள் வெட்டு. இழஜந்து முழுவன் அவிடெயா” என்றார். அது அவருடைய நிலமாம், ஊர்ந்து போகிற ஜந்து எல்லாம் என் பக்கத்துக் காட்டில்தான் இருக்கிறதாம்.

நான் வெட்ட மாட்டேன் என்றேன். அவர் ஒரு மட்டையைத் தூக்கி மதிலில் ஓங்கி அடித்தார். மதில் ஓட்டுத் துண்டு ஒன்று தெறித்து மலரின் காலருகே விழுந்தது.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அவருக்கு நான் வைத்த பெயர் மூர்க்கன். “மூர்க்கன் வண்டி வந்துட்டு, சத்தம் கேக்குதா?” “மூர்க்கன் இருக்கானான்னு பாத்துட்டுப் போ.” மலர் அந்தப் பெயரைக் கேட்கும்போதெல்லாம் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். அப்பா நன்றாகத் திட்டுகிறார் என்று சிரிக்கிறாள் என நினைத்தேன்.

4

போன வருஷம் அது நடந்த அன்று நான் நகரத்தின் மறுகோடியில், கலூரில் இருந்தேன். மலரின் பள்ளிக்கு ஒரு சான்றிதழ் வேண்டியிருந்தது, ஓர் அலுவலகத்தில் வரிசையில் நின்றேன். இந்த ஊர்த் தாள் எதிலும் ‘வீட்டுப்பேர்’ என்று ஒரு கட்டம் இருக்கும். நம்மில் யாருக்கு வீட்டுப்பேர் இருக்கிறது? என் அப்பா பெயரின் முதல் எழுத்தை எழுதினால், அது எந்த வீடு என்று கேட்பார்கள்.

“பேரில்லாத்த வீடோ?” என்றார் ஜன்னலுக்கு உள்ளே இருந்த பெண். பக்கத்து மேசைக்காரர் சிரித்தார்.

“வாடக வீடாணு சாரே. அதினு பேரொந்நும் இல்லா” என்றேன் அவரிடம்.

“எங்கில் ஒரு பேரு இட்டிட்டு வா” என்றார் அவர். அப்படியானால் ஒரு பெயர் வைத்துவிட்டு வரவேண்டுமாம்.

அப்போதுதான் கைப்பேசி அடித்தது. மலர். பரீட்சை முடிந்து விடுமுறை தொடங்கியிருந்தது. சாந்தி தையல் கம்பெனிக்கு வேலைக்குப் போயிருந்தாள். பிள்ளை வீட்டில் தனியாக இருந்தாள்.

“அப்பா, மூர்க்கன் வந்நு.” ரகசியக் குரல். “பின்வாசல் படி கேறி.”

எனக்கு அந்த அலுவலகத்தின் சத்தமெல்லாம் நின்றுபோனது. குடித்துவிட்டு வந்திருக்கிறான். பின்வாசலில் ஏறியிருக்கிறான். பிள்ளை தனியாக இருப்பது தெரிந்து ஏறியிருக்கிறான். ஒரு தகப்பன் மனதில் அந்த நேரத்தில் என்னென்ன வரும் என்று நான் எழுத வேண்டியதில்லை.

“கதவைச் சாத்து” என்றேன். “எல்லாக் கதவையும் சாத்தித் தாழ்ப்பாள் போடு. ஜன்னலையும். நீ உள்ளயே இரு. என்ன ஆனாலும் வெளிய ஓடிராத, கேக்குதா? நான் வாறேன்.”

“பக்ஷே அப்பா—”

“சொன்னதச் செய்யி, ஏட்டி!”

நானே துண்டித்தேன். சாந்திக்கு அடித்தேன். வேலை நேரத்தில் கைப்பேசியை வாங்கி வைத்துக்கொள்வார்கள், எடுக்கவில்லை. எதிர் வீட்டு மும்தாஸ் இத்தாவுக்கு அடித்தேன். அவரும் எடுக்கவில்லை. வாசலில் நின்ற ஆட்டோவில் ஏறி விழுந்தேன். ஓட்டுநர் என் முகத்தைப் பார்த்து, “எந்து பற்றி சேட்டா?” என்றார், என்ன ஆயிற்று என்று.

என் மலையாளத்தில் சொன்னேன். “வீட்டில் மூர்க்கன் கேறி. மோள் ஒற்றைக்காணு.”

அவர் வண்டியை அப்படியே வளைத்துச் சிவப்பு விளக்கைத் தாண்டினார். “ஈஸ்வரா. மூர்க்கனோ? குட்டி எவிடெயா நில்குந்நது?”

“உள்ளே. கதவெல்லாம் சாத்தச் சொல்லிட்டேன். தாழ் போட்டாச்சு.”

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். வண்டி ஓடிக்கொண்டே இருக்கிறது. “வாதில் அடைக்கானோ? எந்தினா சேட்டா அடைச்சது? துறந்நு கொடுக்கண்டே? அது எங்ஙனெ புறத்து போகும்?”

“அவனுக்குக் கதவைத் திறந்து விடணுமா? என்ன பேசுறீங்க?”

“அவனோ? ஏத் அவன்?” அவர் ஒரு கையை வண்டியின் பிடியிலிருந்து எடுத்து, ஐந்து விரலையும் சேர்த்துக் குவித்து, தலைக்கு மேலே தூக்கி, படமெடுத்துக் காட்டினார். “பாம்பு, சேட்டா. மூர்க்கன் பாம்பு!”

இங்கே நல்ல பாம்புக்குப் பெயர் மூர்க்கன். பதினெட்டு வருஷமாக இந்த ஊரில் இருக்கிறேன், தெரியாது. நான் இங்கே ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. பின்வாசல் விளையாட்டில் அந்தப் பெயர் வரவே இல்லை. மலர் வாயைப் பொத்திச் சிரித்தது, பக்கத்து வீட்டுக்காரரை நான் பாம்பு என்று கூப்பிட்டதற்கு. ‘வந்தான்’, ‘வந்தது’ இரண்டுக்கும் மலையாளத்தில் ‘வந்நு’ ஒன்றே ஒன்றுதான். அவள் தமிழில் ‘வந்திருச்சு’ என்று ஒரு எழுத்துக் கூட்டிச் சொல்லியிருந்தால் எனக்கு விளங்கியிருக்கும். பின்வாசல் படியில் ஏறிய பாம்பு வீட்டுக்குள் நுழைந்திருந்தால், ஓடித் தப்பிக்க இருந்த பிள்ளையை நான் கதவைச் சாத்தி அதோடு அடைத்துவிட்டேன்.

மலருக்கு அடித்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது. ஓட்டுநர் சொன்னார்: “விளிக்கல்லே. ஃபோண் அடிச்சால் குட்டி எடுக்கான் இறங்ஙும்.” கூப்பிடாதீர்கள், பிள்ளை எங்காவது ஏறி நின்றால் அதை எடுக்க இறங்கும் என்று. கைப்பேசி எங்கே கிடக்கிறதோ, பாம்பு எங்கே கிடக்கிறதோ. பதறித் துண்டித்தேன். ஒவ்வொரு மணிக்கும் அவள் ஒரு அடி எடுத்து வைத்திருப்பாளோ என்று நினைத்தேன். இன்றைக்கும் யாருக்கு அடித்தாலும், மணி ரொம்ப நேரம் போனால் நானே துண்டித்துவிடுகிறேன்.

தோப்பும்படிப் பாலத்தில் நெரிசல். நடுப்பாலத்தில் நிற்கிறோம். மறுபடி மும்தாஸ் இத்தாவுக்கு அடித்தேன், இந்த முறை எடுத்தார்.

“இத்தா, வீட்டுக்குள்ள பாம்பு. மலர் உள்ள இருக்கா. பாபுவைக் கூப்பிடுங்க.”

“பாபுவினெயோ? நிங்ஙள் தம்மில் மிண்டாட்டமில்லல்லோ.” உங்கள் இரண்டு பேருக்கும் பேச்சே கிடையாதே என்றார்.

“கூப்பிடுங்க இத்தா!” என்று பாலத்தில் நின்று கத்தினேன்.

5

தெரு நிறைய ஆள். என் வீட்டுக் கூரையில் ஒரு ஓட்டை. அதைச் சுற்றி ஓடுகள் கலைந்து கிடந்தன. கூரை முகட்டில், கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு பாபு உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பக்கத்தில் முழங்காலைக் கட்டிக்கொண்டு, முகமெல்லாம் ஒட்டடையோடு மலர்.

நான் அவள் பெயரைக் கத்திக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். “அண்ணாச்சி, நில்கு! வாதில் தொடல்லே!” என்று மேலிருந்து பாபு கத்தினார். “ஆளு வாதிலின்டெ சுவட்டில் கிடப்புண்டு.” வாசல் கதவுக்குக் கீழே உள்பக்கம் அது படுத்துக் கிடந்தது. தாழ்ப்பாளைத் திறக்க முடியாமல் போனது அதனால்தான்.

நடந்தது இதுதான். அவள் அழைத்தபோது பாம்பு படியேறி, தாழ் போட்டிருந்த பின்கதவின் அடி இடுக்கு வழியாக அடுப்படிக்குள் வந்துவிட்டது. அவள் முன்வாசல் வழியாகத் தெருவுக்கு ஓடுவதற்கு நின்றிருந்தாள். நான் சொன்னதும் முன்வாசலைச் சாத்தித் தாழ் போட்டாள், ஜன்னல்களைச் சாத்தினாள். திரும்பினால் அது முன்னறைக்குள் வந்துகொண்டிருந்தது. கைப்பேசியை அப்படியே போட்டுவிட்டு, சாந்தியின் தையல் மெஷின் மேல் ஏறி நின்றாள். அது சுவரோரமாக ஊர்ந்து போய், கதவடி இருட்டில் சுருண்டுகொண்டது. என் கைப்பேசி அழைப்பு வந்தபோது இறங்கலாமா என்று ஒரு காலைக் கீழே விட்டிருக்கிறாள். அப்போது மணி நின்றுவிட்டது.

பாபு ஓட்டைப் பிரித்து, சட்டத்தில் வயிற்றை வைத்துக் குப்புறப் படுத்து, கையை நீட்டியிருக்கிறார். “மோளே, தாழோட்டு நோக்கண்டா. என்டெ மோந்தை நோக்கு. எத்ர சுந்தரன்!” என்று. கீழே பார்க்காதே, என் மூஞ்சியைப் பார், எவ்வளவு அழகு என்று. அவள் சிரித்துவிட்டுக் கையைப் பிடித்திருக்கிறாள்.

வனத்துறை அனுமதி பெற்ற ஒருவர் வந்து பாம்பைப் பையில் பிடித்துக்கொண்டு போனார். பையில் ஏறும் முன் அது ஒரு தடவை படமெடுத்தது. தையல் மெஷின் மேசையைவிடக் கொஞ்சம்தான் தாழ்வு. அந்த உயரம் என் கண்ணைவிட்டுப் போகவில்லை.

கூரையிலிருந்து இறங்கி வந்த பாபு என் முன்னால் வந்து நின்றார். அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, “மோள் ஒரு காரியம் பறஞ்ஞு. அண்ணாச்சி வீட்டில் என்னெயும் மூர்க்கன் என்னாணோ விளிக்குந்நது?” என்றார்.

தெருவே என்னைப் பார்த்தது.

“அது பிரமோஷன் ஆணல்லோ!” என்று தொடையில் தட்டிச் சிரித்தார். “என்டெ பாரியா என்னெ வெறும் சேர என்னா விளிக்குந்நது.” பெண்டாட்டி அவரைச் சாரைக்கு மேல் மதிப்பதில்லையாம்.

எல்லாரும் சிரித்தார்கள். நான் மலரின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். “உள்ள கேறியாச்சுன்னு சொல்ல வந்தேன் அப்பா” என்றாள். “நீ கட் பண்ணிட்ட.”

6

அந்த வாரமே ஆள் வைத்துப் புதரை வெட்டினேன். செம்போத்து போய்விட்டது. மலர் இரண்டு நாள் பின்வாசல் படிக்கே வரவில்லை. பாம்புக்கு வராத அழுகை அவளுக்கு அதற்கு வந்தது.

எங்கள் வீட்டுக்கு இப்போது பெயர் கிடைத்துவிட்டது. பார்சல் கொண்டுவருகிறவர்களுக்கு மும்தாஸ் இத்தா வழி சொல்வது, “ஆ மூர்க்கன் கேறிய வீடு.” கலூரில் மறுபடி வரிசையில் நின்றபோது அந்தக் கட்டத்தில் அதை எழுதலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். எழுதவில்லை. கோடு போட்டுக் கொடுத்தேன், வாங்கிக்கொண்டார்கள்.

என்னை இன்னும் உலுக்குவது அதற்குப் பிறகு ஒரு நாள் மலர் கேட்ட கேள்வி. சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

“அப்பா, தமிழ்ல மூர்க்கனுக்கு எந்தா பேரு?”

“நல்ல பாம்பு.”

அவள் கையில் எடுத்த சோறு அப்படியே நின்றது. “அதா நல்ல பாம்பு? நீ சொன்னியே, உன் பள்ளிக்கூடத்துக் கிணத்துல நல்ல பாம்பு இருந்துச்சு, யாரையும் ஒண்ணும் செய்யலன்னு. நல்ல பாம்புன்னா விஷமில்லாத்த பாம்புன்னுல்ல நான் நினைச்சேன்!”

“ஏட்டி, அது கடிச்சா ஆளு காலி” என்றாள் சாந்தி.

“பின்ன எதுக்கு நல்லதுன்னு பேரு வச்சீங்க?”

யோசித்துப் பாருங்கள். அன்றைக்கு நான் வீட்டில் இருந்திருந்தால் என்ன கத்தியிருப்பேன்? “மலரு, நல்ல பாம்பு!” என்றுதான். அவள் நின்று பார்த்திருப்பாள். பைனாகுலரை எடுத்திருப்பாள். இத்தனை வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து நான் ஊட்டிய தமிழ், பிள்ளையைப் பாம்பருகே நிற்க வைத்திருக்கும். இன்னும் எத்தனை சொல் இப்படி எங்களுக்கு நடுவே சுருண்டு கிடக்கிறதோ. அவள் ஏதாவது சொன்னால், இப்போதெல்லாம் எளிய சொல்லுக்குக்கூட, “அப்படின்னா?” என்று கேட்கிறேன். “அப்பா, சோறுன்னா சோறுதான்” என்று எரிச்சலாகிறாள்.

7

போன ஞாயிற்றுக்கிழமை பொக்காளி வயலுக்குப் போகலாம் என்றாள். ஒரு வருஷமாக நான் கூட்டிப் போகவில்லை. வெயில் என்றேன், வேலை என்றேன். சாந்திதான், “போயிட்டு வாங்க. வீட்டுக்குள்ள அடச்சு வச்சுப் பாத்தாச்சுல்லா” என்றாள்.

தண்ணீர் வடிந்து வயல் மினுமினுத்தது. கொக்குகள், உள்ளான்கள், தூரத்தில் சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டு நீர்க்காகங்கள். ஒரு குச்சியில் மீன்கொத்தி. நான் முந்திக்கொண்டு, “பொன்மான்” என்றேன். “மீன்கொத்தி” என்றாள் அவள். பிறகு எனக்கு முன்னால் நடந்தாள். வரப்பு ஒற்றையடி அகலம்தான். புல் கணுக்கால் உயரம். நான் பறவைகளைப் பார்க்கவில்லை. அவள் கால் வைக்கும் இடத்தையே பார்த்துக்கொண்டு போனேன்.

திடீரென்று அவள் நின்றாள். ஒரு கையைப் பின்னால் நீட்டி என்னையும் நிறுத்தினாள்.

“அப்பா. பாம்பு.”

இரண்டு மொழியிலும் ஒரே பொருள் உள்ள சொல். ஓடி வா என்று கத்த வாய் திறந்தேன். நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

“நான் என்ன செய்யணும்?” என்றேன்.

“ஒண்ணும் செய்யாத. அனங்காம நில்லு.”

அசையாமல் நின்றேன். என் இடத்திலிருந்து எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அவள் முதுகு தெரிந்தது, பின்னால் நீட்டிய கை தெரிந்தது, ஐந்து விரலும் விரிந்திருந்தது. புல் ஓரிடத்தில் அசைந்தது, பிறகு சற்றுத் தள்ளி அசைந்தது. என்ன பாம்பு என்று கேட்க வேண்டும் போலிருந்தது. கேட்டால் அவள் ஒரு பெயர் சொல்வாள், அதற்கு அர்த்தம் கேட்க நேரமிருக்குமா என்று தெரியவில்லை. விஷுப் பறவை எங்கோ ஒரு தென்னந்தோப்பிலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தது.

தண்ணீரில் ஏதோ விழுகிற மெல்லிய சத்தம். அவள் கை இறங்கியது.

“போயி” என்றாள்.

நான் மிச்சத்துக்குக் காத்திருந்தேன். நம் ஊரில் போயி என்றால் பேச்சு பாதியில் நிற்கிறது என்று அர்த்தம். போயி என்ன செய்தது? போயி எங்கே நிற்கிறது?

“போயி…?” என்றேன்.

அவள் திரும்பிப் பார்த்தாள். என் முகத்தில் என்ன கண்டாளோ, நடந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“போயிருச்சு, அப்பா” என்றாள். “அவ்வளவுதான். முடிஞ்சுது.”

இரண்டு பேரும் மேலே நடந்தோம். எனக்கு அந்தச் சொல் இன்னும் முடியவில்லை.